நடுக்காலைத் தள்ளி வைத்துப் பாருங்கள்

கேள்வி: ரீச்சர், நான் ஒட்டுசுட்டான் பக்கத்தில் தச்சுவேலை செய்கிறவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. மகள் தரம் 10 படிக்கிறாள். எண் கணக்கு, சமன்பாடு எல்லாம் நன்றாகச் செய்வாள். கேத்திரகணிதத்தில் ‘நிறுவுக’ என்று வந்தால் மட்டும் பேனை நகராது. போன தவணைச் சோதனையில் வந்த வினா இது: கசத என்ற முக்கோணியில் கச = கத. சத இன் நடுப்புள்ளி ம. கம ஆனது சத இற்குச் செங்குத்து என நிறுவுக. அவள் எழுதியது: கச = கத, கம பொதுப் பக்கம், கோணம் ச = கோணம் த, ஆகவே ப.கோ.ப. (பக்கம், கோணம், பக்கம்) படி இரண்டு முக்கோணியும் ஒருங்கிசையும். கிடைத்தது பத்துக்கு இரண்டு. ‘மூன்று சமன் காட்டிவிட்டேனே அப்பா, பிறகு என்ன பிழை’ என்று அழுகிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படத்தைப் பார்த்தாலே இரண்டு பக்கமும் ஒன்று என்று தெரிகிறது. தெரிகிறதை எதற்காக நிறுவ வேண்டும்? நான் அவளுக்கு ஏதாவது உதவி செய்ய முடியுமா, இல்லை அந்த வினாவை விட்டுவிடச் சொல்லட்டுமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள். அவள் எழுதிய மூன்று வரியும் உண்மை. ஒன்றுகூடப் பொய் இல்லை. அந்த மூன்று உண்மையையும் வைத்துக்கொண்டு ‘ஆகவே’ என்று எழுதினாளே, பிழை அந்த இடத்தில்தான். இந்தப் பிழையை நான் முப்பது வருடமாகக் கொப்பிகளில் பார்த்துக்கொண்டு வருகிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் கூடுதலாக விடுவார்கள், ஏனென்றால் மூன்று சமன் வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகப் பாடம். எந்த மூன்று என்பதைத்தான் யாரும் அவர்களுக்குக் கையில் பிடித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

அதைக் கையில் பிடித்துக் காட்ட உங்களைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. உங்கள் பட்டறையில் இருக்கிற சிலாகைத் துண்டுகள் போதும்.

ஒரு கோழிக்கூட்டுக்குக் கூரை போடுவதாக வையுங்கள். 5 அடியில் இரண்டு சிலாகை வெட்டுங்கள், அவை இரண்டு பக்கக் கைமரம். 8 அடியில் ஒன்று, அது அடிச்சட்டம். மூன்றையும் ஆணியடித்து முக்கோணியாக்கி நிலத்தில் கிடத்துங்கள். உச்சிக்கு க என்றும், அடிச்சட்டத்தின் இடது முனைக்கு ச என்றும் வலது முனைக்கு த என்றும் சோக்கால் எழுதுங்கள். இப்போது உச்சியிலிருந்து அடிச்சட்டத்தின் நடுவுக்கு, அதாவது ஒவ்வொரு முனையிலிருந்தும் 4 அடியில், நடுக்கால் ஒன்று வையுங்கள். அளந்தால் சரியாக 3 அடி இருக்கும். அந்த இடம்தான் ம. இது மகளின் வினாவில் உள்ள படம்.

இனி அந்த நடுக்காலைக் கழற்றி, அடிச்சட்டத்தில் நடுவிலிருந்து 2 அடி வலப்பக்கம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பழைய கால் எட்டாது. 3 அடி 7 அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய கால் ஒன்று வெட்ட வேண்டிவரும். அதை வைத்த இடத்துக்கும் ம என்றே பெயர் வையுங்கள். பிறகு அவள் எழுதிய விடையை எடுத்து ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். கச = கத, உண்மையா? ஓம், இரண்டும் 5 அடி. கம பொதுவா? ஓம், ஒரே கால்தான் இரண்டு பக்கத்துக்கும். கோணம் ச = கோணம் த, உண்மையா? ஓம், கைமரம் இரண்டையும் யாரும் அசைக்கவில்லை. மூன்று வரியும் அப்படியே நிற்கின்றன. ஆனால் இடது துண்டின் அடி 6 அடி, வலது துண்டின் அடி 2 அடி. ஒன்றின்மேல் மற்றதை வைத்தால் எந்த விதத்திலும் பொருந்தாது, அதாவது ஒருங்கிசையாது.

அவள் எழுதிய காரணங்கள் கால் நடுவில் நிற்கும் கூரைக்கும் பொருந்துகின்றன, கால் தள்ளி நிற்கும் கூரைக்கும் பொருந்துகின்றன. இரண்டுக்கும் பொருந்துகிற காரணத்தை வைத்து, ஒன்றில் மட்டும் உண்மையான முடிவை எடுக்க ஏலாது. வினாவில் ‘ம நடுப்புள்ளி’ என்று தந்திருந்தார்கள். அவள் அதைத் தொடவே இல்லை. தொடாமல் விட்ட தரவு கிடந்தால் நிறுவலில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பள்ளிக்கூட வினாக்களில் தேவையில்லாத தரவு தருவது மிகக் குறைவு.

ஏன் அப்படி நடந்தது என்பதையும் அதே சிலாகைகளில் பார்க்கலாம். ப.கோ.ப. என்றால் இரண்டு பக்கமும், அந்த இரண்டு பக்கமும் சந்திக்கிற மூலையில் உள்ள கோணமும். இரண்டு சிலாகையை ஒரு முனையில் ஆணியடித்து, மூலைமட்டம் வைத்துக் கோணத்தைப் பூட்டிவிட்டால், மற்ற இரண்டு முனைகளுக்கும் இடையில் உள்ள தூரம் உங்களைக் கேட்காமலே முடிவாகிவிடுகிறது. மூன்றாவது சிலாகையை வேறு நீளத்தில் வெட்டினால் பொருந்தாது. மகள் எடுத்த பக்கங்கள் கச, கம. அவை சந்திப்பது உச்சியில், க என்ற மூலையில். அவள் எடுத்த கோணமோ கீழே ச என்ற மூலையில் கிடக்கிறது. அங்கே கம வரவே இல்லை. ஆகவே கம என்ற அந்தக் காலை எதுவும் பூட்டவில்லை. 3 அடி 7 அங்குலக் காலை உச்சியில் ஓர் ஆணியில் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டிப் பாருங்கள். கீழ்முனை அடிச்சட்டத்தை இரண்டு இடத்தில் தொடும்: நடுவிலிருந்து 2 அடி இடப்பக்கம், 2 அடி வலப்பக்கம். அதனால் ச மூலையில் தொடங்கும் துண்டுக்கு 2 அடி அடியும் வரலாம், 6 அடி அடியும் வரலாம். காலைக் குறைத்துக்கொண்டே வந்தால் இரண்டு இடங்களும் நெருங்கி, 3 அடியில் ஒரே இடமாகும். அதற்குக் குறைந்தால் எட்டவே எட்டாது.

இவ்வளவும் பார்த்த பிறகு அவளுடைய விடையைத் திருத்த ஒரு வரி போதும் என்பது அவளுக்கே தெரியவரும். கோண வரியை எடுத்துவிட்டு ‘சம = தம’ என்று போட்டால் ப.ப.ப., அதாவது மூன்று பக்கமும் சமன் என்ற வகை, ஆகும். அல்லது பொதுப் பக்க வரியை எடுத்துவிட்டு அதே ‘சம = தம’ ஐப் போட்டால், கச, சம ஆகிய இரண்டும் சந்திக்கும் மூலை ச தானே, அப்போது ப.கோ.ப. உண்மையாகவே சரிவரும். இரண்டு வழியும் சரி. நான் முதலாவதைத்தான் விரும்புவேன், ஏனென்றால் அதற்கு வேறு தேற்றம் எதையும் துணைக்குக் கூப்பிடத் தேவையில்லை. கொப்பியில் இப்படி வரவேண்டும்:

கசம, கதம ஆகிய முக்கோணிகளில்
கச = கத (தரவு)
சம = தம (ம ஆனது சத இன் நடுப்புள்ளி)
கம = கம (பொதுப் பக்கம்)
ஆகவே △கசம ≡ △கதம (ப.ப.ப.)
ஆகவே கோணம் கமச = கோணம் கமத (ஒருங்கிசையும் முக்கோணிகளின் ஒத்த கோணங்கள்)
கோணம் கமச + கோணம் கமத = 180° (சமத ஒரு நேர்கோடு)
ஆகவே ஒவ்வொரு கோணமும் 90°
ஆகவே கம ஆனது சத இற்குச் செங்குத்து.

ஒருங்கிசைவு வந்தவுடன் நிறையப் பிள்ளைகள் பேனையை மூடிவிடுவார்கள். வினா கேட்டது செங்குத்தை. ஒருங்கிசைவு நடுவழியில் வருகிற தரிப்பிடம் மாதிரித்தான், அங்கே இறங்கிவிடக் கூடாது. மகளின் விடை சரியான மூன்று வரியோடு இருந்திருந்தாலும் கடைசி நாலு வரி இல்லாமல் முழுப் புள்ளி கிடைத்திராது.

இன்னொன்றைக் கவனியுங்கள். நீங்கள் வீட்டுக் கூரையில் நடுக்கால் வைக்கும்போது என்ன செய்கிறீர்கள்? அடிச்சட்டத்தின் நடுவை அளந்து குறிக்கிறீர்கள், கைமரம் இரண்டும் ஒரே நீளம் என்று பார்க்கிறீர்கள், பிறகு காலை வைத்தால் அது செங்குத்தாய் நிற்கிறது. இந்தத் தேற்றத்தை நம்பித்தான் அதைச் செய்கிறீர்கள். மகள் எழுத முடியாமல் அழுத விடை உங்கள் கையில் இத்தனை வருடமாக இருக்கிறது.

இனி உங்கள் பெரிய கேள்வி. தெரிகிறதை ஏன் நிறுவ வேண்டும்?

இடம்பெயர்ந்திருந்த நாள்களில் கரும்பலகை இல்லாமல் படிப்பித்திருக்கிறேன். புளியமரத்தடியில் மணலைக் கையால் சமப்படுத்தி, தடியால் கோடு கீறித்தான் கேத்திரகணிதம் சொல்லிக்கொடுத்தேன். மணலில் கீறின முக்கோணி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சமன் என்று சொன்ன பக்கங்கள் சமனாய் இராது, செங்கோணம் என்று சொன்னது 80 பாகையோ 100 பாகையோ இருக்கும். காற்றடித்தால் பாதிக் கோடு போய்விடும். ஒரு நாள் ஒரு பெடியன் எழும்பி, ‘ரீச்சர், அந்தக் கோடு சரிஞ்சு கிடக்குது, எப்படிச் செங்குத்து எண்டு சொல்றீங்கள்?’ என்று கேட்டான். நான் கோட்டை அழித்துத் திரும்பக் கீறவில்லை. ‘படத்தைப் பார்க்காதே, நான் என்ன தந்தேன் என்று சொல்’ என்றேன். அவன் தரவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். அந்தத் தரவுகளிலிருந்து செங்குத்து வந்தே ஆகவேண்டும் என்று அவனாகவே கண்டுபிடித்தான். கோணிய படத்தில் நேரான முடிவு வந்தது. நிறுவல் எதற்கு என்று எனக்கே முழுதாக விளங்கினது அன்றைக்குத்தான்.

மகள் கொப்பியில் கீறியதும் ஒரே ஒரு முக்கோணி. நிறுவல் அந்த ஒன்றைப் பற்றிப் பேசவில்லை. 5 அடிக் கைமரமோ 25 அடிக் கைமரமோ, தட்டைக் கூரையோ செங்குத்துக் கூரையோ, இரண்டு பக்கம் சமனான எல்லா முக்கோணிக்கும் ஒரே தரத்தில் பேசுகிறது. கண் ஒன்றைத்தான் பார்க்கும். அதோடு 88 பாகையையும் 90 பாகையையும் கண் எளிதில் பிரித்தறியாது. ஒரு நிலைக்கு 2 பாகை பிசகினால் கதவு என்ன பாடுபடும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

யூக்கிளிட் கிறித்துவுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ‘மூலங்கள்’ என்ற நூலின் முதற் புத்தகத்தில் இவை எல்லாம் இருக்கின்றன. ப.கோ.ப. அங்கே நாலாவது, ப.ப.ப. எட்டாவது, இரு கோணமும் ஒரு பக்கமும் இருபத்தாறாவது. நாலாவதை நிறுவ அவரும் நீங்கள் சொன்ன மாதிரிப் பார்க்கிற வழியைத்தான் எடுத்தார்: ஒரு முக்கோணியைத் தூக்கி மற்றதன்மேல் வைத்துப் பார்ப்பது. பிற்காலத்தில் கணிதர்கள் அதை ஏற்கவில்லை. தூக்கும்போது அளவு மாறாது என்பதை எங்கே நிறுவினீர்கள் என்று கேட்டார்கள். 1899 இல் ஹில்பேட் என்ற ஜேர்மானியர் கேத்திரகணிதத்தை அடியிலிருந்து கட்டியபோது, ப.கோ.ப. இன் சாரத்தை நிறுவாமல் ஏற்றுக்கொள்ளும் ஒரு வெளிப்படையுண்மையாகவே வைத்துவிட்டார். ஆகவே ‘பார்த்தாலே தெரிகிறதே’ என்று உங்களுக்கு வந்த எண்ணம் சின்ன எண்ணம் அல்ல. ஏதோ ஓர் இடத்தில் பார்த்து ஏற்கத்தான் வேண்டும். அந்த இடத்தை ஒன்று இரண்டோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தை அதிலிருந்து பெறுவதுதான் இந்தப் பாடம்.

மற்ற வகைகளையும் பட்டறையிலேயே காட்டலாம்.

ப.ப.ப. க்குப் படலை. நாலு சட்டத்தை நாலு மூலையிலும் ஒவ்வோர் ஆணியில் பொருத்தித் தூக்கினால் அது சாய்ந்து இணைகரம் போலக் கோணிவிடும். சட்டங்களின் நீளம் மாறவில்லை, உருவம் மாறிவிட்டது. குறுக்காக ஒரு சட்டம் அடித்தவுடன் அசையாது. குறுக்குச் சட்டம் நாற்பக்கலை இரண்டு முக்கோணியாக்கிவிட்டது, முக்கோணிக்கு மூன்று பக்கமும் முடிவானால் கோணமும் முடிவு. நாற்பக்கலுக்கு ‘ப.ப.ப.ப.’ என்று ஒரு வகை இல்லாததற்குக் காரணமும் இதுதான். மேசன்மார் அத்திவாரத்துக்கு மூலை பார்க்கும்போது ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கு 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்களே, அதுவும் ப.ப.ப. தான். செங்கோணம் வைத்து 3 உம் 4 உம் எடுத்தால் செம்பக்கம் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம்) 5 என்று பைதகரசின் தேற்றம் சொல்கிறது. மேசன் பிடித்த முக்கோணிக்கும் அதே 3, 4, 5. மூன்று பக்கமும் சமன், ஆகவே இரண்டும் ஒருங்கிசையும், ஆகவே மேசனின் மூலையும் செங்கோணம். யூக்கிளிட் முதற் புத்தகத்தைக் கடைசியாக முடிப்பது இந்த நிறுவலில்தான்.

மூன்று கோணம் சமன் என்றால் ஏன் ஒருங்கிசைவு இல்லை என்று கேட்டால், வகுப்பில் கரும்பலகைக்கு வைத்திருக்கும் பெரிய மர மூலைமட்டத்தையும் அவளுடைய பெட்டியில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் மூலைமட்டத்தையும் நினைக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் 30, 60, 90. வடிவம் ஒன்று, பருமன் வேறு. அவை இயல்பொத்த முக்கோணிகள், அது வேறு பாடம்.

இரு கோணமும் ஒரு பக்கமும், அதாவது கோ.கோ.ப., எனக்கு மிகப் பிடித்த வகை. இதற்கு ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கனகராயன் ஆற்றுப் பக்கம் போங்கள். ஆறு தூரம் என்றால் அகலமான ஒரு வாய்க்கால் கரை போதும். தண்ணீரில் இறங்காமல் அதன் அகலத்தை அளக்கப் போகிறீர்கள்.

அக்கரையில், தண்ணீர் விளிம்போடு நிற்கிற ஒரு மரத்தைப் பாருங்கள். பாலையோ மருதோ எதுவும் சரி. அது ப. அதற்கு நேர் எதிரே இக்கரையில் ஒரு தடி நடுங்கள், அது க. அங்கிருந்து கரையோடு நேராக 20 அடி வைத்து நடந்து ஒரு தடி நடுங்கள், அது ம. அதே நேரில் இன்னும் 20 அடி வைத்து நடந்து மூன்றாவது தடி, அது ச. இப்போது ச இல் இருந்து கரைக்குச் செங்குத்தாக, தண்ணீருக்கு முதுகு காட்டி, உள்ளே நடங்கள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். ம இல் நட்ட தடி அக்கரை மரத்தை மறைக்கிற இடம் ஒன்று வரும். அங்கே நில்லுங்கள். அது த. ச இலிருந்து த வரை நாடா பிடித்து அளந்தால் அதுதான் ஆற்றின் அகலம்.

ஏன் என்று மகள் சொல்லட்டும். கம = சம, நடந்த நடை. க இலும் ச இலும் செங்கோணம். ம இல் இருப்பவை குத்தெதிர்க் கோணங்கள் (இரண்டு கோடு வெட்டும் இடத்தில் எதிரெதிரே வருபவை, அவை சமன்), ஏனென்றால் த, ம, ப மூன்றும் ஒரே நேரில் வந்ததால்தான் தடி மரத்தை மறைத்தது. இரு கோணமும் ஒத்த பக்கமும் சமன். ஆகவே கப = சத. கால் நனையாமல் அக்கரைக்குப் போய்வந்த மாதிரி. கிறித்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த தேல்ஸ் கரையில் நின்றபடி கடலில் உள்ள கப்பலின் தூரத்தைக் கண்டார் என்றும், அதற்கு இந்தத் தேற்றம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் பழைய உரையாசிரியர் புரோக்குளஸ் எழுதியிருக்கிறார். முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்று நங்கூரமிட்ட படகு ஒன்றின் தூரத்தையும் இப்படிப் பிடிக்கலாம், படகு ஆடாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வகையில் ‘ஒத்த’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. ஒரு முக்கோணியில் சமனான இரு கோணங்களுக்கும் நடுவில் உள்ள பக்கத்தை எடுத்தால் மற்றதிலும் நடுவில் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். ஒரு கோணத்துக்கு எதிரே உள்ளதை எடுத்தால் மற்றதிலும் அதற்குச் சமனான கோணத்துக்கு எதிரே உள்ளதைத்தான்.

செங்கோண முக்கோணிகளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: செம்பக்கமும் இன்னொரு பக்கமும் சமன் என்றால் போதும். கோணம் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இல்லாவிட்டாலும் சரிவரும், ஏனென்றால் செங்கோணத்தில் ஊஞ்சல் ஆடினாலும் தொடுகிற இரண்டு இடமும் செங்கோண மூலைக்கு இருபுறமும் சம தூரத்தில் விழும், எந்தப் பக்கம் எடுத்தாலும் முக்கோணி ஒன்றே.

இனி பழக்கம். பிள்ளை வினாவை வாசித்தவுடன் எழுதத் தொடங்க விடாதீர்கள். முதலில் படத்தைப் பெரிதாகக் கீறி, தரவில் சொன்ன சமன்களை மட்டும் நிறப் பென்சிலால் குறிக்கட்டும். சமன் என்று கண்ணுக்குத் தெரிகிறதைக் குறிக்கக் கூடாது, சொன்னதை மட்டும். பிறகு கடைசியிலிருந்து பின்னோக்கிக் கேட்க வேண்டும்: என்ன கேட்டிருக்கிறார்கள்? அந்தப் பக்கமோ கோணமோ எந்த இரண்டு முக்கோணிகளில் இருக்கிறது? அந்த இரண்டிலும் எனக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? இன்னும் ஒன்று வேண்டுமென்றால் அது எங்கிருந்து வரலாம், பொதுப் பக்கமா, குத்தெதிர்க் கோணமா, சமாந்தரக் கோடு தந்திருந்தால் ஒன்றுவிட்ட கோணமா? முக்கோணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் இரண்டையும் தனித்தனியே பக்கத்தில் கீறிக்கொள்ளட்டும். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எழுத்துகளை ஒழுங்காக எழுதுவதும் முக்கியம். △கசம ≡ △கதம என்று எழுதினால் க க்குக் க, ச க்குத் த, ம க்கு ம என்று பொருள். ஒழுங்கு சரியென்றால் படத்தைப் பார்க்காமலே ஒத்த உறுப்புகளை வாசித்துவிடலாம். △கசம ≡ △தகம என்று மாற்றி எழுதினால் சொல்வதே வேறு.

இந்த ஒழுங்கை வைத்துப் பப்பஸ் என்ற பழைய கணிதர் செய்த ஒரு வேலையை மகளுக்குச் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும். இருசமபக்க முக்கோணியில் அடிக்கோணங்கள் சமன் என்று நிறுவ அவர் நடுக்காலே வைக்கவில்லை. கசத என்ற முக்கோணியை அதே முக்கோணியோடு, ஆனால் கதச என்று திருப்பி வாசித்து ஒப்பிட்டார். கச = கத. கத = கச. க என்ற கோணம் இரண்டுக்கும் ஒன்று. ப.கோ.ப. படி △கசத ≡ △கதச. ஆகவே கோணம் ச = கோணம் த. முடிந்தது. உங்கள் கோழிக்கூட்டுக் கூரையை நிலத்திலிருந்து தூக்கி, முன்பக்கம் பின்பக்கமாகப் புரட்டி, கிடந்த இடத்திலேயே திரும்ப வைத்துப் பாருங்கள். அது அப்படியே பொருந்தும்.

வினாவை விட்டுவிடுவது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். சாதாரண தரப் பரீட்சையின் இரண்டாம் வினாத்தாளில் தெரிவுக்கு இடம் இருப்பது உண்மைதான், ஒரு பகுதியில் ஆறில் ஐந்து செய்தால் போதும். ஆனால் ஒருங்கிசைவு ஒரு வினாவோடு நின்றுவிடுகிற பாடம் அல்ல. இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் சமன் என்பது மூலைவிட்டம் ஒன்றைப் போட்டு ஒருங்கிசைவால் வருகிறது. வட்டத்தின் மையத்திலிருந்து நாணுக்கு வரையும் செங்குத்து நாணை இருசமக்கூறிடும் என்பதும், வெளிப்புள்ளியிலிருந்து வரையும் இரண்டு தொடலியும் சமன் என்பதும் செங்கோண முக்கோணிகளின் ஒருங்கிசைவால் வருகின்றன. இப்போது இதை விட்டால் பிறகு வட்டம் முழுதும் மனனம் செய்ய வேண்டிவரும். எண் கணக்கில் இவ்வளவு கெட்டியான பிள்ளைக்கு அந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள்.

ஒரு நாளைக்கு ஒரு நிறுவல் போதும். ஒவ்வொரு வரிக்கும் அடைப்புக்குள் காரணம் எழுதிய பிறகு அவள் உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். நீங்கள் தேற்றம் படித்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வரியிலும் ‘ஏன்?’ என்று மட்டும் கேளுங்கள். அவள் ‘படத்தில் அப்படி இருக்கு’ என்று சொன்னால் அந்த வரியை வெட்டிவிடுங்கள். தரவிலிருந்தோ, முன்பு படித்த தேற்றத்திலிருந்தோ, மேலே எழுதிய வரியிலிருந்தோ காரணம் சொன்னால் விட்டுவிடுங்கள்.

ஆற்றங்கரைக்குப் போய்வந்தால், அளந்த அகலத்தையும் அவள் எழுதிய நிறுவலையும் எனக்கு அனுப்புங்கள். தண்ணீர் வற்றியிருக்கிற காலம் என்றால் நாடாவை நேரே குறுக்காகப் பிடித்து ஒரு தரம் ஒப்பிட்டும் பாருங்கள். வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் ச இலிருந்து நடந்த கோடு கரைக்குச் செங்குத்தாய் இருந்திராது. மூலைமட்டத்தைக் கையோடு கொண்டு போங்கள்.